இடையறாத வாசம்

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி யட்டியாந்தோட்டையிலிருந்து என் இல்லம் வந்தாள். மணமாகி ஆறு திங்களே ஆகின்றன. கணவன் கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவன். மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறான். இருவரும் மெய்யாகவே கணவன் மனைவியர் என்பதற்குப் படங்களும் கடிதங்களும் சான்றாக வேண்டுமாம். கடிதங்களை யாரைக்கொண்டு ஆங்கிலத்தில் பெயர்ப்பது என்று கேட்கவே வந்தாள். “எங்கள் கடிதத்தையெல்லாம் கந்தோரில் படிப்பார்களே, ஐயா” என்று நாணினாள்.

அவள் சென்றபின் என் பாட்டியாரின் நினைவு எழுந்தது.

பெண்டிரோடு கடல் கடத்தல் வழக்கன்று என்றார் தொல்காப்பியர். (இதற்கு வேறு உரையும் உண்டு, அஃது இங்கு வேண்டா.) சப்ரகமுவத் தோட்டங்களோ அவ்வழக்கை மாற்றின. இறப்பர்ப் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் பெண்கள் கையும் வேண்டியிருந்தமையால், கங்காணிமார் குடும்பத்தோடு ஆள் சேர்த்தனர். கடல் கடந்த பெண்டிர் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் முறையை மட்டும் விட்டாரில்லை. என் பாட்டியாரின் தாய்வீடு திருச்சிராப்பள்ளிச் சீமை. 1947இல் தலைமன்னாரில் கப்பலேறிச் சென்றவர், தம் தாயார் நோயுற்றமையால் பதினான்கு மாதம் கழித்தே குழந்தையுடன் திரும்பினார்.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவன் 7 ஆண்டும், மணமாகாதவன் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வசித்திருத்தல் வேண்டும். மணமானவனின் மனைவியும் இளம்பிள்ளைகளும் இங்கேயே வசித்தவராதல் வேண்டும். ஒருமுறை வெளியே சென்றது 12 மாதத்தைக் கடப்பின் வாசம் அறுந்ததாகும். விண்ணப்பிக்கத் தரப்பட்ட தவணை ஈராண்டு. ‘இடையறாது’ என்னும் சொல்லை இலக்கணத்தில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அதன் கூர்மையை இச்சட்டத்தில்தான் கண்டேன்.

பாட்டனார் ஒருநாளும் இலங்கையை விட்டு அகன்றவரல்லர். ஆயினும் மனைவியின் இரண்டு மாத மிகையால் அவர் விண்ணப்பமும் தள்ளுண்டது. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

வழக்காடிப் பார்த்தவரும் உண்டு. எங்கள் கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியில் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்ட கோடாக்கன் பிள்ளையின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்று, 1953இல் தோற்றது.

1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அயல் லயங்கள் வெறுமையாயின. எவ்வாறோ எங்கள் குடும்பம் எந்தப் பட்டியலிலும் சேராது நின்றுவிட்டது. பாட்டனார் நாடற்றவராகவே மறைந்தார்.

2003ஆம் ஆண்டின் சட்டம், 1964 ஒப்பந்த நாள் முதல் இங்கு நிலையாக வசித்தோர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கியது. எழுபத்தாறு வயதான பாட்டியாரை நானே அழைத்துச் சென்றேன். பெருவிரலை மையில் தோய்க்குமுன் அலுவலர், “இடையில் வெளிநாடு சென்றதுண்டா?” என்று வினவினார்.

“ஆத்தா சாவுக்குக்கூடப் போகல்லீங்க, ஐயா. போனா திரும்ப வர விடமாட்டாங்கன்னு அவங்க தாத்தா சொல்லிட்டாரு” என்று என்னைக் காட்டினார் பாட்டியார்.