ஈயமில்லாமல் நிமிர்ந்து நிற்பது எப்படி?

ஈப்போவிலிருந்து லுமுட் போனால், பங்கோர் தீவுப் பக்கம் பாய்மரப் படகுகளைப் பார்க்கலாம். ஒற்றை உடல் படகைக் காற்று சாய்க்கும். அடியில் கனக்கும் ஈயமோ இரும்போ நிமிர்த்தும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மாதிரி. 'கேட்டமரான்' அப்படியல்ல. அதன் இரண்டு உடல்களும் அகன்று நிற்பதால், காற்று தள்ளும்போது ஒரு பக்கம் நீரில் அழுந்தி எதிர்த்து நிற்கிறது. ஈயம் வேண்டாம், எடை குறைவு, ஒல்லி உடல், ஆகவே வேகம். அடுப்பில் குழம்புச் சட்டியும் அவ்வளவாகச் சரியாது! ஆனால் புயலில் கவிழ்ந்தால், தலைகீழாகவும் அதே உறுதியோடு கிடக்கும். நெடுங்கடல் போகிறவர்கள் தயங்குவது இங்கேதான். சாமான் ஏற்ற ஏற்ற வேகமும் போய்விடும்.

'கேட்டமரான்' என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயக் கடலோடி டாம்பியரின், 1697இல் வெளிவந்த பயண நூலிலேயே அது இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நம் மீனவர் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. சேர்த்துக் கட்டிய மரங்கள், அவ்வளவே.