மகரக்கட்டும் மேடை வாழ்வும்: அவ்வை தி.க. சண்முகத்தை முன்வைத்து

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதித் தமிழ் நாடகத்தைச் சிறுவர் நாடகக் குழுக்களே பெரிதும் வளர்த்தன. எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் முதலியோர் இளமையில் இத்தகைய குழுக்களில் பயின்றவர்கள். மேடையிலோ திரையிலோ நிலைத்தோரின் பெயர்களை நாடக வரலாறு போற்றுகிறது. பருவமாற்றத்தால் விலகிய சிறுவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது. குழந்தை நடிகராகத் தொடங்கி முதுமை வரை மேடையில் நின்ற தி.க. சண்முகத்தின் (1912–1973) வாழ்வைக் கொண்டு, அந்நிலைபேற்றுக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

குழுவே பள்ளி

1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். நாடக நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் மகனாகிய சண்முகம், தமையன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோருடன் ஆறு வயதில் அதிற் சேர்ந்தார். சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கிப் பாடலும் வசனமும் பயின்றனர். முறைசார் கல்வி பெறாத அவர்களுக்குச் சுவாமிகளின் பாடங்களே தமிழ்க் கல்வியாயின. சண்முகம் நடிப்பதற்கென்றே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகில் வழங்கும் செய்தி. சிறுவன் ஒருவனின் ஆற்றல் நாடக ஆக்கத்தையே தூண்டியதற்கு இது சான்றாகும்.

குரல் என்னும் எல்லை

ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில் கடைசி வரிசை வரை கேட்கும் உச்சக் குரலே நடிகனின் முதலீடு. பாடல் மிகுந்த நாடகங்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டுக்கும் அக்குரல் வேண்டப்பட்டது. பதின்பருவத்தில் குரல் உடைவதை நாடகத்தார் ‘மகரக்கட்டு’ என்றனர். அது நேர்ந்ததும் முதன்மை வேடம் கைமாறும். சம்பளத்திற்கு நடித்த சிறுவனின் இடமே கேள்விக்குள்ளாகும். கல்வியும் வேறு தொழிலும் அறியாத அவனுக்கு இது வாழ்வுச் சிக்கலாகும்.

உரிமையும் நிலைபேறும்

1922இல் சுவாமிகள் மறைந்தார். 1925இல் சண்முகம் சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினர். அப்போது சண்முகத்தின் வயது ஏறத்தாழ 13. குரல் மாறும் பருவம். பிறர் குழுவில் வேடம் இழக்க நேரும் பருவத்தில் அவர் குழுவின் உரிமையாளருள் ஒருவரானார். அவருடைய தொடர்ச்சிக்குத் திறமையுடன் இவ்வுரிமையும் துணைநின்றது எனக் கருத இடமுண்டு. எந்த நாடகத்தை ஏற்பது, யாருக்கு எவ்வேடம் என்பவற்றைச் சகோதரர்களே முடிவுசெய்ய முடிந்தது. பாடலைவிட உரையாடலுக்கு முதன்மை தரும் சமூக நாடகங்களுக்கு அக்குழு நகர்ந்தமை இங்கு நோக்கத்தக்கது. அவர்கள் மேடையில் நடித்த ‘மேனகா’ 1935இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

பின்னாளில் அவருக்கு நிலையான அடைமொழியைத் தந்த அவ்வையார் வேடமும் இந்நோக்கில் பொருள் பெறுகிறது. ஸ்திரீபார்ட் மரபு இளமையையும் இன்குரலையும் வேண்டியது; அவ்வையோ மூதாட்டி. உடைந்த குரலுக்கும் முதிர்ந்த உடலுக்கும் இடமளிக்கும் பெண் வேடம் அது. சிறுவர் மேடையில் பெற்ற பயிற்சி, சிறுவர் குரல் இன்றியே அதில் மீண்டும் பயன்பட்டது.

தன்வரலாறும் அதன் மௌனமும்

1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ சிறுவர் குழுக்களின் அன்றாட வாழ்வை அறிய இன்றியமையாத சான்று. எனினும் அது நிலைத்துநின்ற ஒருவரின் நினைவு. குழுவை நன்றியுடன் நோக்கும் அப்பார்வையை, மேடையிழந்தோர் அனைவரின் பார்வையாகவும் கொள்வது பொருந்தாது.

முடிவுரை

சண்முகத்தின் வாழ்வு சிறுவர் குழு முறையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. குரல் மாறிய பருவத்தில் குழுவின் உரிமை அவர் குடும்பத்திடம் இருந்ததை நோக்கின், அது பொதுநிலை அன்று, விதிவிலக்கே எனத் தெளிவாகும். நாடகத் தன்வரலாறுகளை ஆராய்வோர் அவற்றில் இடையில் மறையும் சக சிறுவர்களின் பெயர்களையும் தொகுத்தல் வேண்டும். அப்போதே சிறுவர் குழுக்களின் வரலாறு முழுமை பெறும்.