தேன்பெட்டியை எங்கே வைக்கலாம்?

திருநாவலூரில் ஒரு தேன்பெட்டி வைக்க வேண்டும். எந்த இடம் நல்ல இடம்? "பூ நிறைய இருக்கும் இடம்" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால் எந்தப் பூ, எந்த மாதத்தில்?

பெட்டியில் வாழ்வது இந்தியத் தேனீ. (கல்வராயன் மலைப் பாறைகளில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ வேறு, அது பெட்டிக்குள் அடங்காது.) இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் இரை தேடும். பெட்டியை நடுவில் வைத்து அந்த அளவுக்கு வட்டம் போட்டால் பரப்பு சுமார் 775 ஏக்கர்! அத்தனையிலும் என்னென்ன மரம் நிற்கிறது என்று நடந்தே கணக்கெடுப்பது பெரும்பாடு. அதனால் மேலிருந்து பார்க்கிறோம்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை நம் ஊரைப் படம் எடுக்கின்றன. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர் நீள அகலமுள்ள சதுரம். தோப்பு தெரியும், தனி மரம் சரியாகத் தெரியாது. தாழப் பறக்கும் ட்ரோன் எடுத்த படத்தில் ஒவ்வொரு மரத்தின் தலையும் தனித்தனியே தெரியும். "இது முந்திரி, இது மா, இது நாவல்" என்று மனிதர்கள் குறித்துக் கொடுத்த ஏராளமான படங்களிலிருந்து கணினி ஒவ்வொரு மரத்தின் அடையாளத்தையும் கற்றுக்கொள்கிறது. இதுதான் இயந்திரக் கற்றல். பிறகு அது பார்த்தே இராத படங்களைக் கொடுத்துச் சோதிப்பார்கள்.

கலிபோர்னியாவில் பாதாம் மரங்கள் இலை விடுவதற்கு முன்பே வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் அங்கே வானிலிருந்து எடுத்த படத்தை வைத்தே பூவை அளக்கிறார்கள். நாவலோ எப்போதும் பச்சை; அதன் சின்னஞ்சிறு பூக்கள் இலைகளுக்கு நடுவே மறைந்துவிடும். ஆகவே இங்கே பூவைத் தேடுவதைவிட மரத்தைத் தேடுவதே நல்லது. அது எப்போது பூக்கும் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைக்கிறார்கள். அங்கே தேனீக்குக் கிடைக்கும் இனிப்புநீர் பூவிலிருந்து வருவதில்லை, இளந்தளிரின் காம்பிலிருந்து சுரக்கிறது! பூவை மட்டும் தேடப் பழகிய கணினி அந்தத் தோட்டத்தைக் கண்டுகொள்ளாமல் போயிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

மரங்களின் வரைபடமும் பூக்கும் மாதங்களும் சேர்ந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண் போடலாம். தை, மாசியில் முந்திரி, பங்குனி, சித்திரையில் நாவலும் புங்கமும், ஆண்டு முழுவதும் தென்னை என்று மாறி மாறி இரை கிடைக்கும் இடத்துக்கு அதிக மதிப்பெண். முந்திரி மட்டும் இருந்தால் ஆபத்து. பூ முடிந்ததும் பசி வரும். இந்தியத் தேனீ கூட்டையே விட்டுப் பறந்துவிடும்.

பூக்கும் மாதங்களைக் குறிப்பதில் நீங்களும் உதவலாம். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் பங்கேற்கிறார்கள். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, தளிர், மொட்டு, பூ, காய் எது இருக்கிறது என்று வாரம் ஒருமுறை தேதியோடு எழுதிவைக்க வேண்டும்.