பழைய காருக்கு ஏ.சி.: வரவு செலவு பார்த்துப் போடுங்கள்

நம் வணிகக் குடும்பங்கள் சிலவற்றில் தகப்பனார் காலத்துக் கார் இன்றும் பத்திரமாக இருக்கிறது. கல்யாணம், பண்டிகை என்றால் வெளியே எடுக்கிறோம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928 முதல் 1954 வரை பம்பாயில் பூட்டி விற்ற செவர்லே அப்படிப்பட்ட ஒரு வண்டி. சித்திரை வெயிலில் வீட்டுப் பெரியவர்களை அதில் உட்கார வைக்க முடியாது. "ஒரு ஏ.சி. போட்டுவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயற்கையே. போடலாம். ஆனால் கணக்குப் பார்க்காமல் போட்டால் பாட்டரி போகும், ஒயர் கருகும், சமயத்தில் வண்டியே தீப்பிடிக்கும். அந்தக் கணக்கை நமக்குப் பழக்கமான வரவு செலவு முறையிலேயே பார்ப்போம்.

6 வோல்ட்டின் சங்கடம்

இன்றைய கார்களில் மின்சாரம் 12 வோல்ட். செவர்லே 1954 வரையிலும், ஃபோர்டு 1955 வரையிலும் 6 வோல்ட்டில் ஓடியவை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும். 240 வாட் வேலைக்கு 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 40 ஆம்பியர் வேண்டும். ஆம்பியர் இரண்டு மடங்கானால், அதே ஒயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கடைகளில் விற்கும் ஏ.சி. செட் எல்லாம் 12 வோல்ட்டுக்குச் செய்தவை. அதை அப்படியே 6 வோல்ட்டில் இணைத்தால் கம்ப்ரசரின் காந்தக் கிளட்ச் இறுகப் பிடிக்காது. வழுக்கி வழுக்கிக் கருகும். விசிறியும் சோம்பிச் சுற்றும்.

மின்சாரம் எதற்குச் செலவாகிறது?

கார் ஏ.சி.யில் கம்ப்ரசரைச் சுற்றுவது மின்சாரம் அல்ல, என்ஜினிலிருந்து வரும் பெல்ட். அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனி தன் 1940 மாடல் காரில் ஏ.சி. பொருத்தித் தந்தது. அதில் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் என்ஜினை நிறுத்தி, பெல்ட்டையே கழற்ற வேண்டும்! இன்றைய செட்டில் மின்சாரம் கேட்பவை மூன்று: கிளட்ச், உள்ளே காற்று வீசும் புளோயர், முன்னால் இருக்கும் கண்டென்சர் விசிறி. மூன்றும் சேர்ந்து 12 வோல்ட்டில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். 6 வோல்ட்டில் அது 60.

ஐந்தொகை போட்டுப் பார்ப்போம்

டைனமோ தருவது வரவு. விளக்கு, விசிறி முதலியன செலவு. பாட்டரி கையிருப்பு. பழைய 6 வோல்ட் டைனமோவின் முழு வரவு சுமார் 45 ஆம்பியர். இரவில் விளக்குக்கும் இக்னிஷனுக்கும் 20 ஆம்பியர் போய்விடும். ஏ.சி.க்கு 60 சேர்த்தால் செலவு 80. துண்டு விழும் 35 ஆம்பியரைக் கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். சிக்னலில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. அப்போது முழுச் செலவும் பாட்டரி தலையில். ஊர்வலத்தில் மெதுவாகப் போகும் கல்யாணக் கார் நடுத்தெருவில் நின்றுபோக வேறு காரணம் வேண்டியதில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி, வண்டி முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்றுவது. டைனமோவை எடுத்துவிட்டு 60 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டர் போட வேண்டும். அது ஐடிலிங்கிலும் ஓரளவு மின்சாரம் தரும். பாட்டரி, பல்புகள், இக்னிஷன் காயில் எல்லாம் மாறும். பெட்ரோல் மீட்டருக்கும் பழைய ரேடியோவுக்கும் வோல்ட் குறைக்கும் சாதனம் வைக்க வேண்டும். பழைய ஸ்டார்ட்டரே 12 வோல்ட்டைச் சில விநாடிகள் தாங்கும். தொடர்ந்து அழுத்தக் கூடாது. செலவு அதிகமானாலும், அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு இதுவே நிம்மதி.

இரண்டாவது, 6 வோல்ட்டை அப்படியே விட்டுவிட்டு, ஏ.சி.க்கு மட்டும் தனி 12 வோல்ட் ஆல்டர்னேட்டரும் பாட்டரியும் வைப்பது. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு மாதிரி. வண்டியின் பழமை கெடாது. ஆனால் என்ஜினில் இன்னொரு பெல்ட்டுக்கு இடம் வேண்டும்.

மூன்றாவது, 6 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர். விலை மலிவு. ஆனால் கன்வெர்ட்டர் வரவைக் கூட்டுவதில்லை. தன் பங்குக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ரேடியோவுக்குச் சரி, பழைய டைனமோவை நம்பி ஏ.சி.க்கு இதை வைக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

எர்த் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். செவர்லேயில் நெகட்டிவ் எர்த். அக்காலத்து ஃபோர்டு, பாக்கார்டு வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். மாற்றி இணைத்தால் ஆல்டர்னேட்டர் நொடியில் போய்விடும். ஏ.சி.க்குப் புது ஒயர், தனி ரிலே, பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைப்பது கட்டாயம். துணி சுற்றிய பழைய ஒயரில் ஏ.சி.யைத் தொங்கவிடக் கூடாது. கம்ப்ரசர் என்ஜினுக்குக் கூடுதல் சுமை. ஆகவே ரேடியேட்டரைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள். கூரையின் உட்புறம் வெப்பம் தடுக்கும் விரிப்பும், கதவுக்குப் புது ரப்பரும் போட்டால் சின்ன ஏ.சி.யே போதுமாகலாம். கழற்றிய பழைய பாகங்களைச் சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். பிற்காலத்தில் வண்டிக்கு மதிப்பு அவற்றால்தான்.

வண்டியை ஒப்படைக்குமுன் மெக்கானிக்கிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வரவு எத்தனை ஆம்பியர்? ஏ.சி.யின் செலவு எத்தனை ஆம்பியர்? பியூஸ் எங்கே, எவ்வளவு? உடனே பதில் சொல்பவரிடம் சாவியைக் கொடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணாச்சி" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.