மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி வாளியை எடுங்க!

போன கோடையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம்தான், ஆனால் அதில் நாற்பதாயிரம் ரூபாயும் ஒரு ஆழ்துளைக் கிணறும் தப்பித்தன. அதனால் எழுதுகிறேன்.

பொன்னமராவதி பக்கம் எங்கள் தோட்டத்திலேயே வீடு. போர் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். தொட்டியிலிருந்து ஒரு அங்குலக் குழாய் இறங்கி, வழியில் மாட்டுத் தொட்டிக்கு ஒரு கிளை, காய்கறிப் பாத்தியின் சொட்டுநீருக்கு ஒரு கிளை விட்டு, வீட்டுக்கு வரும். மாசி மாதத்திலிருந்து என் மனைவி தினமும் ஒரே புகார். "ஏங்க, தண்ணி நல்லா வந்துக்கிட்டே இருக்கு, திடீர்னு நூலாட்டம் ஆயிடுது. அப்புறம் தானா சரியாவுது. தலையில சோப்பைப் போட்டுட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது?"

மோட்டார்காரரைக் கூப்பிட்டேன். குழாயைத் திறந்து பார்த்தார், போர் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சார், ஒன்றரை எச்.பி. பத்தாது. மூணு எச்.பி. போட்ருவோம், பிச்சுக்கிட்டு வரும்" என்றார். மோட்டார், கேபிள், ஸ்டார்ட்டர், கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நானும் சரியென்று சொல்லப் பார்த்தேன். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஒரு கேள்வி வந்தது. போர் மோட்டார் தண்ணீரைத் தொட்டியில்தானே கொட்டுகிறது? வீட்டுக் குழாய்க்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றுமே இல்லை. நடுவில் தொட்டி இருந்தால், மோட்டார் எத்தனை எச்.பி.யாக இருந்தாலும் வீட்டுக் குழாயின் அழுத்தம் ஒரு துளிகூடக் கூடாது. பெரிய மோட்டார் தொட்டியைச் சீக்கிரம் நிரப்பும், அவ்வளவுதான். குழாயில் வரும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தொட்டித் தண்ணீரின் உயரம் மட்டுமே.

உயரம் தரும் அழுத்தம்

கணக்கு சுலபம். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர், அதாவது சுமார் 33 அடி, ஒரு கிலோ அழுத்தம் தரும். எங்கள் தொட்டியின் அடிப்பாகம் குளியலறைக் குழாய்க்கு மேல் 11 அடி. தொட்டி நிரம்பினால் 14 அடி. அழுத்தம் 0.34 கிலோவிலிருந்து 0.43 கிலோ வரை. நிரம்பிய தொட்டி காலியாகும்போது குழாயில் வரும் அளவு சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறையும். எங்கள் வீட்டில் பாதிக்கும் கீழே குறைந்தது. ஆகவே தொட்டி மட்டமும் காரணம் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது, வழியில் எவ்வளவு அடைப்பு இருந்தாலும் கடைசிக் குழாயில் முழு அழுத்தம் காட்டும். திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் அடைப்பு தன் வேலையைக் காட்டும். ஓட்டம் இரண்டு மடங்கானால், வழியில் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் ஒரு குழாய் திறந்தால் "நல்லாத்தான் வருது" என்று தோன்றும். இரண்டாவது திறந்ததும் இரண்டுமே சுருங்கும். ஏறி இறங்கும் அழுத்தத்துக்கு அனேகமாக இதுதான் மூலம்.

குழாயின் அகலமும் அப்படித்தான். அதே அளவு தண்ணீரை ஒரு அங்குலக் குழாய்க்குப் பதில் அரை அங்குலக் குழாயில் தள்ளினால் இழப்பு முப்பது மடங்குக்குப் போகும். "அரை இஞ்ச் போதும் சார், காசு மிச்சம்" என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பிரான்சில் ஹென்றி டார்சி என்ற பொறியாளர் 1840இல் டிஜோன் நகரத்துக்கு 12 கிலோமீட்டருக்கும் மேல் தூரத்திலிருந்த ஊற்றிலிருந்து பம்பே இல்லாமல், வெறும் சரிவை நம்பித் தண்ணீர் கொண்டுவந்தார். குழாயில் ஏற்படும் உராய்வு இழப்பை ஆராய்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். மணலுக்குள் தண்ணீர் எப்படி ஊர்கிறது என்ற விதியை 1856இல் எழுதியவரும் அவர்தான். வீட்டுக் குழாயையும் நிலத்தடி நீரையும் ஒரே மனிதர் சேர்த்துப் பார்த்தார். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வாளியும் கடிகாரமும்

வங்கியில் இருந்த காலத்தில் கணக்கு டேலி ஆகாவிட்டால், முழுப் பேரேட்டையும் முதலிலிருந்து புரட்டமாட்டோம். நடுவில் பிரித்து, தப்பு எந்தப் பாதியில் என்று பார்ப்போம். பிறகு அந்தப் பாதியைப் பிரிப்போம். குழாய்க்கும் அதே வழிதான்.

பத்து லிட்டர் வாளியும் கைபேசிக் கடிகாரமும் எடுத்துக்கொண்டேன். குளியலறைக் குழாய் மட்டும் திறந்தபோது வாளி நிரம்ப 47 நொடி. மனைவி சொன்ன "நூலாட்டம்" நேரத்தில் பிடித்தேன், ஒரு நிமிடம் 45 நொடி! எந்த நேரத்தில் இப்படி ஆகிறது என்று மூன்று நாள் குறித்து வைத்தேன். காலை ஏழு மணி, சாயங்காலம் ஐந்து மணி. அப்போதுதான் பொறி தட்டியது. மாடுகள் தண்ணீர் குடிக்கும் நேரம்! மாடு குடித்ததும் தொட்டியின் மிதவை வால்வு திறந்துகொள்கிறது. திரும்ப நிரம்பும் வரை வீட்டுத் தண்ணீர் அங்கே போகிறது.

ஆனால் மாடுகள் மேல் பழி போட்டு முடிக்க முடியாது. அந்த மாட்டுத் தொட்டி ஐந்து வருடமாக இருக்கிறது, புகார் வந்தது மாசியில். ஆகவே வழியில் ஏதோ புதிதாகச் சுருங்கியிருக்கிறது.

தொட்டிக்குக் கீழே, சொட்டுநீருக்காக முன்பு வைத்த வலை ஃபில்டர் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள யூனியனைக் கழற்றி வாளியைப் பிடித்தேன், 8 நொடியில் நிரம்பியது. ஃபில்டருக்குப் பின்னால் கழற்றிப் பிடித்தேன், 25 நொடி. தப்பு எந்தப் பாதியில் என்று தெரிந்துவிட்டது. ஃபில்டரைத் திறந்தால் உள்ளே வலை முழுக்கப் பச்சைப் பாசி, களிம்பு மாதிரி. பாசி எங்கிருந்து? தொட்டியின் மூடி உடைந்து வெயில் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இருந்தால் பாசி வளரத்தான் செய்யும்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வலையைத் தேய்த்துக் கழுவினேன். தொட்டியைக் கழுவிப் புது மூடி போட்டேன். மாட்டுத் தொட்டிக் கிளையின் வால்வைப் பாதி மூடி வைத்தேன், மெதுவாக நிரம்பட்டும், மாட்டுக்கு அவசரமில்லை. இப்போது குளியலறைக் குழாய் 42 நொடி, மாடு குடிக்கும் நேரத்திலும் 50 நொடி. மொத்தச் செலவு மூடிக்கான காசு மட்டும்.

மற்ற வீடுகளில் பார்க்க வேண்டியவை

எல்லா வீட்டிலும் ஃபில்டர்தான் காரணம் என்று இல்லை. அடையாளத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

*ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவு:* அந்தக் குழாயின் வாய்ச் சல்லடையைக் கழற்றுங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் வெள்ளைப் படிவு கட்டிக்கொள்ளும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறப்போட்டால் கரையும்.

*தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு 'புஸ் புஸ்' என்று விட்டுவிட்டு வருவது:* குழாய்க்குள் காற்று. குழாய் எங்காவது மேலே ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கித் தண்ணீரின் வழியை அடைக்கும். எங்கள் தோட்டத்தில் ஒரு பாறையைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு அதன் மேலேயே குழாயை வளைத்திருந்தோம். மேட்டின் உச்சியில் ஒரு சின்ன வால்வு வைத்தாயிற்று. தொட்டி காலியாகி நிரம்பினால் அதை ஒருமுறை திறந்து காற்றை விடுகிறோம். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி இறங்கும் குழாய்களிலும் இதே கதைதான். சுவரில் துளை போட்டு நேராக இறக்குவது நல்லது.

*எப்போதும் எல்லாக் குழாயிலும் குறைவு:* தொட்டியின் உயரம் போதவில்லை, அல்லது கேட் வால்வின் உள்தட்டு கழன்று பாதி மூடியிருக்கிறது. கைப்பிடி சுழலும், ஆனால் தட்டு ஏறாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

*பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் பம்ப் சில நொடிக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்பது:* அதோடு உள்ள அழுத்தத் தொட்டியில் காற்று குறைந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, சைக்கிள் டயருக்குப் பார்ப்பது போலக் காற்றைப் பாருங்கள். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக இருக்க வேண்டும். 20இல் ஓடத் தொடங்கினால் 18.

ஒரு எச்சரிக்கை. பேரூராட்சி, ஊராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். அதற்கு அனுமதி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் போகும். உடைந்த இடம் வழியாகச் சாக்கடையும் உள்ளே இழுபடும்.

சொட்டுநீருக்கும் இதே கணக்கு

சொட்டுவான்களுக்குக் குறித்திருக்கும் அளவு பெரும்பாலும் ஒரு கிலோ அழுத்தத்துக்கானது. 4 லிட்டர் என்று எழுதிய சாதாரண சொட்டுவான், 12 அடித் தொட்டியில் மணிக்குச் சுமார் 2.4 லிட்டர்தான் தரும். தப்பில்லை, நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் முதல் சொட்டுவானும் கடைசிச் சொட்டுவானும் ஒரே அளவு தருகின்றனவா என்று இரண்டு டம்ளர் வைத்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபில்டரையும் லேட்டரல் முனையையும் திறந்து கழுவுங்கள். ஜீவாமிர்தம் விடுகிறவர்கள் துணியில் இரண்டு முறை வடிகட்டி விட்டு, பிறகு கால் மணி நேரம் வெறும் தண்ணீர் ஓட விடுங்கள். நம் ஃபில்டர் அடைவதில் பாதி நம் கைவேலைதான்.

மூணு எச்.பி. போட்டிருந்தால்?

நம் மாவட்டத்தின் இந்தப் பக்கம் கடினப் பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளிலும், மேலே உள்ள சுக்கான் மண்ணிலும்தான் இருக்கிறது. வெடிப்பு வழியாக அது தன் வேகத்தில்தான் ஊறிவரும். எங்கள் போர் பங்குனியில் ஐம்பது நிமிடம் ஓடினால் காற்று கலந்து வரத் தொடங்கும், இரண்டு மணி நேரம் விட்டால் மறுபடி ஊறும். மூணு எச்.பி. போட்டால் ஊற்று கூடாது, இழுப்புதான் கூடும். மட்டம் இன்னும் சீக்கிரம் இறங்கி, மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகும். அப்புறம் "இன்னும் நூறு அடி இறக்குவோம் சார்" என்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரரும் இறக்குவார். வாய்ச் சல்லடை அழுக்குக்காக ஊரே ஆழத்துக்குப் போகும்.

ஆகவே அடுத்த முறை குழாயில் தண்ணீர் குறைந்தால், மோட்டார் கடைக்குப் போன் போடுவதற்கு முன் வாளியை எடுங்கள். நேரத்தைக் குறியுங்கள். வழியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மிச்சமாகும் காசில் கண்மாய் வரத்துக் கால்வாயைத் தூர்வார ஒரு ஆளை விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கினால்தான் மாசியில் தொட்டியே நிரம்பும்.

மோட்டார்காரர் போன வாரம் வந்தார். "என்ன சார், மோட்டாரை மாத்திருவோமா?" என்று கேட்டார். ஃபில்டரைக் கழற்றிக் காட்டினேன். சிரித்துவிட்டு, "இதை நானே பார்த்திருக்கணும் சார்" என்றார். இப்போது அவர் வண்டியிலும் ஒரு வாளி இருக்கிறது.