கை அறிந்ததை நாவும் அறிய வேண்டும்

காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தையின் மெல்லிய கையில் இரத்த நாளத்தைத் தேடிப் பிடித்து, ஒரே முயற்சியில் ஊசியைச் செலுத்திவிடும் மூத்த செவிலியரை நீங்கள் கண்டிருப்பீர்கள். 'எப்படிச் செய்தீர்கள்?' என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். 'எல்லாம் பழக்கந்தான்' என்பார். பல்லாண்டுப் பயிற்சியில் அவ்வித்தை கைக்குள் இறங்கி, சொல்லுக்கு எட்டாமல் மறைந்துவிட்டது. இத்தகையவர் ஆசிரியையாக அமர்ந்தால், மாணவி எதைக் கற்பாள்?

ஆகவேதான், செவிலியர் கல்லூரியில் கற்பிக்கப் பயில்வோர் அக்கலையையும் செய்தே பழகுகின்றனர். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய நுண்நிலைக் கற்பித்தல் என்னும் முறை, நம் நாட்டுச் செவிலியர் கல்லூரிகளிலும் கையாளப்படுகிறது. சிலர் முன்னிலையில் 5 முதல் 10 நிமிடங்கள் வரை ஒரு சிறு பாடம். உடனே குறைநிறை கேட்டல். திருத்திக்கொண்டு அதையே மீண்டும் நடத்துதல். சக மாணவியர் முகத்துக்கு நேரே குறை சொல்லும்போது கண் கலங்குவோரும் உண்டு.

செய்முறையைக் கற்பிக்க, அறுவை மருத்துவர் பெய்டன் 1998இல் வகுத்துரைத்த நான்கு படிகள் இருக்கின்றன. முதலில் ஆசிரியை வாய்திறவாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார். அடுத்து, ஒவ்வொன்றாக விளக்கியபடி நிதானமாகச் செய்வார். மூன்றாவதில் மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியை செய்வார். இறுதியில் மாணவியே சொல்லிச் செய்வாள். மூன்றாம் படியே உரைகல்! மாணவி ஒன்றைச் சொல்லாமல் விட்டால், ஆசிரியையின் கை தானாக அதைச் செய்துவிடத் துடிக்கும்.

பொம்மையின்மீது பழகுவதும் புதிதன்று. மார்த்தா சேஸ் என்னும் பொம்மைக் கலைஞர் செய்த ஆளுயரப் பொம்மை, 1911இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைச் செவிலியர் பள்ளிக்கு வந்துவிட்டது. ஆனால் பொம்மை அழாது, கையை உதறாது. நோயாளியின் படுக்கையருகே மாணவியின் விரல் நடுங்கும்போது, ஆசிரியை எப்போது குறுக்கிடுவது? முந்தினால் மாணவி கற்கமாட்டாள். பிந்தினால் நோயாளி துன்புறுவார். அனுபவமிக்க ஆசிரியையின் அருகில் நின்றுதான் அந்தக் கணத்தை அறிய முடியும்.

உங்கள் இல்லத்தில் அப்படிப் பயிலும் மகளோ மருமகளோ இருப்பின், சோப்பிட்டுக் கைகழுவும் முறையை உங்களுக்குக் கற்பிக்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் அதற்கு 40 முதல் 60 விநாடிகள் வரை வகுத்திருக்கிறது. நீங்களே சொல்லிச் செய்யும் நான்காம் படியில், அவர் குறுக்கே பேசாமல் பொறுத்திருக்கிறாரா என்று கவனியுங்கள்.