சிலந்தி மனிதனின் கயிறு உயிரைக் காக்குமா?

1962-ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக் கதையொன்றில் தோன்றிய ‘ஸ்பைடர்மேன்’ என்னும் சிலந்தி மனிதனை அறியாத சிறுவர் இன்று அரியர். அவன் மணிக்கட்டில் அணிந்துள்ள சிறு கருவியினின்று பீறிடும் திரவம், காற்றில் பட்டதும் கயிறாக இறுகுகின்றது. உயரத்தினின்று விழுவோரை அக்கயிற்றால் அவன் தாங்கிப் பிடிக்கின்றான். இஃது இயலுமா என ஆராய்வோம்.

முதலில் பொருளின் வலிமையை நோக்குவோம். சிலந்தி தொங்குவதற்கு விடும் இழை ஒருவகைப் புரதம். இழுவலிமையில் அஃது எஃகுக் கம்பியோடு ஒப்பிடத்தக்கது. எடையிலோ எஃகில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. அறுமுன் தன் நீளத்தில் சுமார் 30 விழுக்காடு நீளவும் வல்லது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையைத் தாங்கும். எனவே 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள கயிற்றில் மனிதர் ஒருவர் அச்சமின்றித் தொங்கலாம்.

ஆனால் அத்தகைய கயிறு 100 மீட்டர் வேண்டுமாயின், சுமார் 700 கன சென்டிமீட்டர் பொருள் தேவை. அது மணிக்கட்டிலுள்ள சிமிழில் அடங்காது. கருவி தோற்கும் இடம் இதுவே.

கயிறு கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். அப்போதும் வலிமை மட்டும் போதாது. 1973-ஆம் ஆண்டு வெளிவந்த கதையில், பாலத்தின் உச்சியினின்று வீழ்த்தப்பட்ட க்வென் ஸ்டேசி என்னும் பெண்ணைக் கயிறு பற்றிக்கொள்கின்றது, அது அறவுமில்லை. எனினும் அவள் பிழைக்கவில்லை. மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் கக்காலியோஸ் தம் நூலில் இதனை ஆராய்ந்துள்ளார்.

காரணம் எளிது. காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 90 மீட்டர் விழுந்தவரின் வேகம் நொடிக்கு 42 மீட்டர். அதாவது மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். இவ்வேகத்தை அரை மீட்டருக்குள் அடக்கினால், உடலைத் தாக்கும் சராசரி விசை அவர் எடையைப்போல் சுமார் 180 மடங்காகும். 30 மீட்டரில் அடக்கினாலோ 4 மடங்கே. ஆகவே உயிரைக் காப்பது கயிற்றின் உறுதி மட்டுமன்று, அதன் நெகிழ்வுமாகும்.

இவ்வுண்மை கதையோடு நிற்பதன்று. மலையேறுவோர் தம்மைப் பிணைத்துக்கொள்ளும் நைலான் கயிறு நீளுமாறே அமைக்கப்படுகின்றது. உயர்ந்த கட்டடங்களில் பணிபுரிவோரின் பாதுகாப்பு வாருடன், மடித்துத் தைத்த பட்டையொன்று இணைக்கப்படுவதுண்டு. தொழிலாளி தவறி விழுந்தால் தையல்கள் அடுத்தடுத்துப் பிரிய, பட்டை நீண்டு அதிர்ச்சியைத் தணிக்கின்றது. ஒருமுறை பிரிந்த பட்டையை மீண்டும் பயன்படுத்தலாகாது. அதற்கு மாற்றாக நீளாத கயிற்றையோ சங்கிலியையோ கட்டிக்கொள்வதும் பேரிடர். அறாத கயிறெல்லாம் காக்கும் கயிறன்று என்பதை உயரத்தில் உழைப்போரும், அவர்களைப் பணியில் அமர்த்துவோரும் உணர்தல் வேண்டும்.